பல்லைக் கடிக்காம படு

அண்ணன் ஆய்வகக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்ததுமே கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டேன்.

பின்னே என்ன? ஒரு மாதமாக இவனைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். தங்கச்சிக்கு இதுகூடச் செய்யமாட்டாயா என்று அழுதுகூடப் பார்த்துவிட்டேன்.

இரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குத் தண்டுவடம் எப்படி வேலை செய்கிறது என்று ஊசி குத்தாமல், கத்தி படாமல், தோலுக்கு மேலிருந்தே பார்க்கிற சோதனை எங்களுடையது. பிரஷர்காரர்கள் வேண்டிய மட்டும் வந்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பிரஷரே இல்லாத ஆட்களில்தான் ஒருவர் குறைகிறார். மெஷினோ இன்று சாயங்காலம் வேறு ஊருக்குப் போகிறது. அந்த ஒரு ஆள் கிடைக்காவிட்டால் என் ஒரு வருட வேலை அந்தரத்தில் நிற்கும்.

கேட்டபோதெல்லாம் "உன் கரண்ட் கம்பிக்கு வேற ஆடு பாரு" என்று நழுவிக்கொண்டிருந்தவன், இன்று தானாக வந்து நிற்கிறான்.

கொஞ்சம் வெளியே வா என்றான். எதுவானாலும் அப்புறம், முதலில் கையை நீட்டு என்று பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றினேன்.

பிரஷர் எகிறிக் கிடந்தது.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. இவனுக்கா? கோபப்படக்கூடச் சோம்பல்படுகிற ஆள். மாடிப்படி ஏறி வந்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். எல்லைக்குள் வந்துவிட்டது. போதும்.

குப்புறப் படுக்கச் சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு படுத்துவிட்டான்.

போன் பக்கத்தில் இருந்தால் மெஷின் திரையில் கோடு கோடாகக் கிறுக்கும். என்னுடையதைக் காலையிலேயே அணைத்து வெளி அறையில் வைத்திருந்தேன். அவனுடையதையும் பையிலிருந்து எடுத்துக் கொண்டுபோய் வைத்தேன். அது விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

முழங்காலுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கரண்ட் அடி. சேதி நரம்பு வழியாகத் தண்டுவடம் வரை போகும், அங்கேயே திரும்பி வந்து கெண்டைக்காலைத் துள்ள வைக்கும். மூளையை ஒரு வார்த்தை கேட்காது. இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அதுதான். ஆள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும், கால் தன் பாட்டுக்குப் பதில் சொல்லிவிடும்.

முதல் அடி. கால் துள்ளியது. திரையில் அலை மலை மாதிரி எழுந்தது.

இவ்வளவு பெரிதாக வரக்கூடாதே.

அடுத்தது சின்னது. அதற்கடுத்தது மறுபடி மலை. கொடுக்கிற கரண்ட் என்னவோ ஒன்றுதான்.

காலில் ஒட்டியிருந்த வயர் முனைகளைப் பிரித்துத் திரும்ப ஒட்டினேன். பசை போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் பிதுக்கினேன். மின்விசிறியை நிறுத்தினேன். விளக்கை அணைத்தேன். வயரைப் பிடுங்கி வேறு துளையில் செருகினேன். எங்கே தப்பு என்று பிடிபடவே இல்லை.

வேலை செய்யும்போது எனக்கு வாய் நிற்காது. எங்கள் பெரிய டாக்டர் தன் காலிலேயே கரண்டைக் கூட்டி வைத்துக்கொண்டு டீ டம்ளரை உதைத்துத் தள்ளிய கதையைச் சொன்னேன். அலை ஒழுங்காக வந்தது. சரியாகிவிட்டது என்று உற்சாகமாகி வீட்டுக் கதைக்குத் தாவினேன். பிரஷர் மாத்திரையை வாயில் போடுவதுபோல் நடித்துவிட்டுச் சட்டைப்பைக்குள் தள்ளுகிற அப்பாவை, அடுத்த முறை மெஷின் வரும்போது இதே கட்டிலில் கொண்டுவந்து கிடத்தப்போகிறேன், அப்போது பார்க்கலாம் அவர் நடிப்பை என்றேன்.

மலை. அதற்கு மேல் ஒரு மலை.

வயரைத் திட்டினேன். மெஷினைத் திட்டினேன். அப்புறம்தான் பொறி தட்டியது.

பல்.

படுத்திருப்பவர் பல்லைக் கடித்தால் காலில் அலை பெரிதாகிவிடும். தாடைக்கும் கெண்டைக்காலுக்கும் அப்படி என்ன சொந்தமோ, கேட்டால் தண்டுவடம் முறுக்கேறும் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்தது. வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். நம்ம அண்ணன்தானே என்று இவனிடம் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

தலையணைக்கும் கன்னத்துக்கும் நடுவே கையை விட்டு அவன் தாடையைத் தொட்டுப் பார்த்தேன். கல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எறும்புக்கடி கரண்டுக்கு இப்படிப் பயந்து சாகிறாயே, உன்னை நம்பி ஒருத்தி கழுத்தை நீட்டினால் அவள் கதி என்ன என்று கேட்டேன். ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவன் தலையணையில் முகத்தை இன்னும் புதைத்துக்கொண்டான். அடுத்த அடி விழுந்தது. மலைதான்.

சிரிப்பு போய்விட்டது. இவனை விட்டால் வேறு ஆள் கிடையாது.

"பல்லைக் கடிக்காம படுடா அண்ணா, கால்ல வேணா விழறேன். வாயை லேசாத் திற. எதையாவது பேசு."

தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. காலையில அப்பா எந்திரிக்கவே இல்ல. போயிட்டாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ படுன்னு சொன்னே. படுத்துட்டேன்."

மெஷினை யாரும் நிறுத்தவில்லை. அது அடுத்த அடியைக் கொடுத்தது. அவன் கால் துள்ளியது. அலை சின்னதாக, சுத்தமாக, பாடப்புத்தகத்துப் படம்போல வந்தது.

சேமிக்கிற பொத்தானை அழுத்தினேன்.

அழுத்திவிட்டு, எதற்கு அழுத்தினேன் என்று புரியாமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.