இருட்டுக்கு ஆன நேரம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரக் கம்ப்யூட்டர் அறையில் தாவீதுக்கு வேலை. வானத்துப் படம் ஒவ்வொன்றிலும் நட்சத்திரங்களை எண்ண இயந்திரத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிக்க வேண்டும். எந்தப் படமும் பதினைந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. 1977-இல் ஒரு காலை, ஒரு படத்துக்கு மட்டும் நாற்பது நிமிடம் ஆனது. அதில் முப்பது, படத்தின் ஒரே ஒரு மூலைக்கு.

“அந்த மூலைல இன்னா கீது ஜெசிந்தா?”

உடன் வேலை பார்த்தவள் படத்தின் அச்சுப் பிரதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல அண்ணாத்த. வெறும் இருட்டு.”

மறுபடி ஓட்டினான். அதே மூலைக்கு ஐம்பது நிமிடம் தாண்டியும் முடியவில்லை. ஜெசிந்தா படம் பதிந்த நாடாவைக் கழற்றிவிட்டாள். இயந்திரம் எண்ணிக்கொண்டே இருந்தது.

“கரண்ட நிறுத்து அண்ணாத்த!”

“நிறுத்தி அஞ்சு நிமிசம் ஆவுது,” என்றான் தாவீது.