மயிரிழை பிசகாத கோடு

வார்ப்பட மேஸ்திரியின் விரல் பட்ட இடத்தில் கணினித் திரையில் கரி அப்பியது. பொறியாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டு காகிதத்தால் துடைத்தார். துடைத்த காகிதத்தை இரண்டு விரலால் பிடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

மேசைமேல் அறுத்துப் போட்ட வால்வு ஒன்று கிடந்தது. தடித்த மூலையில் சொத்தைப் பல் போல ஓட்டை. போன வாரம் இதே மாதிரி ஒரு வால்வு வெடித்து, பீறிட்ட நீராவியில் ஒருவனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது.

"பார்க்கவே குமட்டுது. மூடி வைங்க," என்றார் மேலாளர் அம்மாள்.

"எல்லாம் இந்த ஆளால வந்தது மேடம்," என்று பொறியாளர் மேஸ்திரியைக் காட்டினார். "உருக்கின இரும்பை ஆறவிட்டு அச்சுல ஊத்தியிருக்கார். சூட்டோட ஊத்தியிருந்தா ஓட்டையே விழாது. எந்த இடம் எப்போ இறுகும்னு நொடிக்கு நொடி கணக்குப் போட்டு வச்சிருக்கேன்."

"சூட்டோடதான் சார் ஊத்தினேன்."

"வாயைத் திறந்தாலே புளுகு."

மேலாளர் ஒரு தாளை மேஸ்திரி பக்கம் தள்ளினார். தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்ளும் கடிதம். கையெழுத்துப் போட்டால் இருபது வருட வேலை போகும். கண் போனவனின் வழக்கும் அவர் தலையில் விழும்.

"ஒருவேளை உங்க கணக்கு தப்பா இருந்தா?" என்று பொறியாளரையும் கேட்டார்.

பொறியாளர் சிரித்தார். திரையில் இரண்டு கோடுகள். சிவப்பு, கணினி போட்ட கணக்கு. நீலம், அச்சுக்குள் கம்பி செருகி அளந்த உண்மையான சூடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

"மயிரிழை பிசகல, பாருங்க. இத்தனைக்கும் அளந்தது நான் இல்ல, இவரேதான். மூணு தடவை கன்னாபின்னான்னு எதையோ கொண்டுவந்தார். போய் ஒழுங்கா அளந்துட்டு வாய்யான்னு மூஞ்சியில விட்டெறிஞ்சேன். அப்புறம்தான் உருப்படியா ஒண்ணு வந்தது."

மேலாளர் பேனாவைத் திறந்து நீட்டினார். மேஸ்திரி அதை வாங்கவில்லை.

"அந்த மூணு தடவையும் இந்த மூலைதான் மேடம் கடைசியா இறுகுச்சு, சார் கணக்குல அப்படி இல்ல. கடைசியா இறுகுற இடத்துக்கு இரும்பு பத்தாம ஓட்டை விழும்."

"அப்போ நாலாவது தடவை?"

மேஸ்திரி பொறியாளரைப் பார்த்தார். காலில் ஒட்டியதைப் பார்ப்பது போலிருந்தது அந்தப் பார்வை.

"நாலாவது தடவை நான் அளக்கவே இல்ல மேடம். சாரோட கோட்டைப் பார்த்து எழுதிக் குடுத்துட்டேன்."