கசின்

"துஷாந்த், கசின்னா யாரு?"

துஷாந்த் ஓட்டும் ஆட்டோவின் பின்சீட்டிலிருந்து கேட்டவர் பார்க். கொரியாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பதுளையில் மொழி சொல்லிக்கொடுக்கும் கொரியாக்காரர். ஆங்கிலம்தான் அவருக்குத் தகராறு. ஹாலிஎலயில் ஏறினால் இறங்குவதற்குள் துஷாந்திடம் ஒரு வார்த்தையாவது கற்றுக்கொள்வார். துஷாந்துடையதும் எல்லவில் ஹோட்டல் வேலை பார்த்தபோது பொறுக்கிய ஆங்கிலம்தான். ஆனாலும் வாத்தியார் என்ற நினைப்பு கொஞ்சம் உண்டு.

சித்தப்பா பிள்ளை, பெரியம்மா பிள்ளை, மாமா பிள்ளை, அத்தை பிள்ளை, எல்லோரும் கசின்தான் என்று தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினான்.

பார்க்குக்குப் புரிந்துவிட்டது. எங்கள் நாட்டில் அவர்கள் உடன்பிறந்தவர்கள் மாதிரி, கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை என்றார்.

துஷாந்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இங்க அப்படி இல்ல சார். மாமா பொண்ணுன்னா கட்டிக்கிற முறை. எனக்கே ஆவணியில மாமா பொண்ணோடதான் கல்யாணம்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாதுதான். கல்யாணக் கார்டு அடிக்கும்வரை, தான் வேலை பார்க்கிற இடத்தில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று விதுஷா கண்டித்துச் சொல்லியிருந்தாள். பார்க் பாடம் நடத்தும் நிலையத்தில்தான் அவள் கிளார்க். சின்ன வயதிலேயே பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். அவளுக்காகவே ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், குடும்பம் இருக்கும் லயத்துக் காம்பராவை ஒட்டி ஓர் அறை கட்டி, ஜன்னலுக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தான். அவள் இல்லாத அந்த அறையை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆட்டோ நின்றதும் பார்க் எட்டி, அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்து வாழ்த்தினார். பெண் யார் என்று விசாரித்தார்.

பூரிப்பில் துஷாந்துக்கு வாய் நிற்கவில்லை. "நம்ம விதுஷாதான் சார். யார்கிட்டயும் சொல்லிறாதீங்க."

பார்க் கையை எடுத்துக்கொண்டார். ரயில் கடந்து போனது.

"நேத்து நான் விதுஷாவைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டேன். சம்மதம்னு சொன்னாங்க," என்றார். "சாயங்காலம் உங்க ஆட்டோல போறாங்களே, நீங்க என்ன உறவுன்னு கேட்டேன். கசின்னாங்க. அந்த வார்த்தை எனக்குத் தெரியாதுன்னேன். நாளைக்குத் துஷாந்த்கிட்டயே கேளுங்க, அவரு சொல்லித்தருவாருன்னாங்க."