செத்த கூண்டின் புறா

கால்நடை டாக்டர் ஜானட் போனில் பேசப் பேச, நான் காலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எதிரே மொட்டை மாடிச் சுவரில் என் தோஸ்து சுஹைப் உட்கார்ந்திருந்தான். காலையில் செத்த புறாக்களுக்கு வீட்டுக்குப் பின்னால் அவன்தான் குழி தோண்டினான். விரலெல்லாம் இன்னும் மண்.

கூண்டு நிறையப் பந்தயப் புறாக்கள் வைத்திருந்தேன். கழுத்து திருகி, பச்சையாய்க் கழிந்து, சுற்றிச் சுற்றி விழுந்து செத்தன. மிச்சம் சப்ஜா மட்டும்தான். மூன்று வருஷமாகப் பந்தயத்தில் ஜெயிக்கிற என் ராஜா.

கீழே கோழிக்கடை வைத்திருக்கும் ஜெனிஷால்தான் நோய் வந்தது என்று சுஹைப் அடித்துச் சொன்னான். நம்பினேன். காலடிப்பேட்டையே கேட்க அந்த ஜெனிஷைத் தாறுமாறாகத் திட்டினேன். பாவம், அந்த மனுஷன் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனான்.

"கோழியால வந்தது இல்லங்க ஹுமாயூன்," என்றார் டாக்டர்.

ஆய்வகத்தில் அந்த வைரஸின் மரபணுவைப் படித்துவிட்டார்களாம். ஒற்றை இழை, பதினைந்தாயிரம் எழுத்து. அது தன்னை நகலெடுக்கும்போது அங்கங்கே எழுத்துப் பிழை விடுமாம். அந்தப் பிழை அதன் பிள்ளைக்கும் பேரனுக்கும் அப்படியே போகுமாம். அதை வைத்துத்தான் வம்சம் பிரிக்கிறார்கள். கோழியைக் கொல்வதும் புறாவைக் கொல்வதும் ஒரே குடும்பம்தான், ஆனால் கிளை வேறு. இது புறாக் கிளை.

எனக்கா புரியாது? கண்ணையும் மூக்கையும் பார்த்தே ஒரு புறாவின் பாட்டன் பூட்டனைச் சொல்கிறவன் நான்.

புதுப் புறா ஏதாவது உள்ளே விட்டீர்களா என்று கேட்டார்.

விட்டேன். நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் சுஹைப் ஒரு பொட்டைப் புறா கொண்டுவந்தான், சப்ஜாவுக்கு ஜோடி சேர்க்க. புதுசாக வந்த புறாவை ஒரு மாதம் தனிக் கூண்டில் வைப்பது எங்கள் வழக்கம். நான் வைக்கவில்லை. தோஸ்து கொடுத்த புறாவை ஒதுக்கி வைத்தால் தோஸ்தையே ஒதுக்கி வைத்த மாதிரி.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். நோன்பு மாதத்திலேயே எங்கள் பேட்டையிலிருந்து ஒருவர் செத்த புறாவைக் கொண்டுபோய்க் காட்டினாராம். அதன் வைரஸும் என் புறாவின் வைரஸும் ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒன்று. யாருக்கும் புறா கொடுக்காதீர்கள், மிச்சத்துக்குத் தடுப்பூசி போடுங்கள் என்று அப்போதே சொல்லியனுப்பினார்களாம். ஊசி போட்டதால் அவருடைய கூண்டு பிழைத்துக்கொண்டது. பேரைச் சொல்லக் கூடாதாம்.

போனை வைத்தேன்.

காலடிப்பேட்டையில் புறாக்காரனுக்கா பஞ்சம்? மாடிக்கு மாடி கூண்டு. அந்தப் பொட்டையை எவனாவது சுஹைப் தலையில் கட்டியிருப்பான். இவனும் என்னை மாதிரி ஏமாந்திருப்பான். சின்ன வயசிலிருந்து என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். பந்தயத்தில் இவன் புறாக்கள் சப்ஜாவிடம் தோற்றுக்கொண்டே இருக்கின்றன என்பதற்காக இப்படிச் செய்வானா? சீ, என்ன புத்தி எனக்கு.

"இன்னா மாமு சொல்லுது டாக்டரம்மா?"

"கோழி நோய்தானாம்டா."

"நான் சொல்லல?" அவன் பெருமூச்சு விட்டான்.

சப்ஜாவைத் தூக்கி அவனிடம் நீட்டினேன். "இது இனிமே இங்க வோணாம்டா. எடுத்துக்கினு போயி உன் புறாங்களோட வுட்டுடு."

செத்த கூண்டிலிருந்து எந்தப் புறாக்காரனும் புறா வாங்க மாட்டான். கூடப் பிறந்தவன் அழுதுகொண்டே கொடுத்தாலும் வாங்க மாட்டான். அந்த மாடிக்குப் போன செருப்பைக்கூடத் தெருவிலேயே கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவான்.

மாட்டேன் என்று சொல்லுடா. யா அல்லாஹ், இவனை மாட்டேன் என்று சொல்ல வை. உனக்கென்ன பைத்தியமா, என் புறாவும் சாகணுமா என்று என்னைத் திட்ட வை.

சுஹைப் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். சப்ஜாவை இரண்டு கையாலும் வாங்கினான். அதன் தலையில் முத்தம் வைத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான்.

"கவலப்படாத மாமு," என்றான், அவ்வளவு ஆசையாக. "என் கூண்டுக்கு ஒண்ணியும் ஆவாது."