நான்கு குழிகள்

புது மேனேஜர் வந்த அன்றே மேசையைக் கிழக்கே பார்த்துத் திருப்பச் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாகத் தற்காலிகப் பியூனாகவே இருக்கும் கொளஞ்சி, மேசைக் கால்களுக்கடியில் சாக்கைக் கொடுத்து இழுத்தார்.

"இனிமே இங்க எல்லாமே மாறும் பெரியவரே. மொதல்ல உங்களை நிரந்தரம் பண்றதுதான்."

"உங்களுக்கு முன்ன அஞ்சு பேரும் இதையேதான் சார் சொன்னாங்க. நாலு மாசத்துல எனக்கு அறுபது முடியுது, வூட்டுக்கு அனுப்பிடுவீங்க."

"அவங்களும் நானும் ஒண்ணா?"

கொளஞ்சி சாக்கை உருவினார். முதல் மேனேஜர் காலத்தில் இதே மேசை கிழக்கே பார்த்துக் கிடந்தபோது சிமென்ட் தரையில் விழுந்த நான்கு குழிகளுக்குள் நான்கு கால்களும் டொக்கென்று இறங்கின. மேனேஜர் மேசையை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை.

"அளவெடுத்த மாதிரி உக்காந்துடுச்சே!"

கொளஞ்சி சாக்கை உதறி மடித்து, அடுத்த மேனேஜருக்கு ஆகுமென்று கதவுக்குப் பின்னால் வைத்தார். அப்போது மேசையை இழுக்கத் தான் இருக்கப்போவதில்லை என்பது, கதவைச் சாத்தும்போதுதான் அவருக்கு உறைத்தது.