சுவருக்கு அந்தப்பக்கம்

பெனால்டியைக் கோட்டை விட்டுவிட்டு வந்த ரிட்சு, ஷூவைக் குப்பைத்தொட்டியில் வீசினான்.

"இனிமே பந்தே வேணாம்மா. உலகக் கோப்பையும் வேணாம்."

"ஒரு பெனால்டி போனதுக்கு ஷூவைக் குப்பையில போடறதா? ஹயாதே இப்படிச் சொல்வானா?" என்றாள் அம்மா கனாயே. ஞாயிறுதோறும் வரும் கார்ட்டூன் தொடரில் உலகக் கோப்பைக் கனவோடு ஓடும் பன்னிரண்டு வயதுப் பையன்தான் ஹயாதே.

"அவனுக்கென்ன, படம் வரையறவங்களே கோல் போட்டுக் குடுத்துடுவாங்க!" என்று ரிட்சு ஓவென்று அழுதான்.

கனாயே பதறினாள். டோக்கியோவின் பழைய அடுக்குமாடி; சுவரெல்லாம் அட்டைபோல் மெல்லியது. பக்கத்து வீட்டு ஹதானோ அம்மாள் அறுபதைத் தாண்டியவர். எந்நேரமும் முகக்கவசம். வணக்கம் சொன்னால் தலையை மட்டும் குனிவார். ராங்கிக்காரி என்று கட்டடமே பேசிக்கொள்ளும்.

"மெதுவா அழுடா, அந்தம்மா சண்டைக்கு வந்துடப் போறாங்க."

அப்போது ஒரு குரல் கேட்டது.

"டேய் ரிட்சு! நான் விடாத பெனால்டியா? அதுக்காக ஷூவைக் குப்பையிலயா போட்டேன்?"

சாட்சாத் ஹயாதேயின் குரல்! ரிட்சு அணைந்திருந்த டிவியைப் பார்த்தான். கனாயே சுவரைப் பார்த்தாள்.

ரிட்சு ஷூவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடியதும், கனாயே ஆரஞ்சுப் பழங்களோடு பக்கத்து வீட்டு மணியை அழுத்தினாள்.

ஹதானோ அம்மாள் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு முகக்கவசத்தை இறக்கினார்.

"தொடர்ல அவனுக்குக் குரல் குடுக்கறது நான்தான். பையன்கிட்ட சொல்லிடாதேம்மா," என்றார், ஹயாதேயின் குரலில். "வாயைத் திறந்தா கண்டுபிடிச்சிடுவானேன்னுதான் இத்தனை நாளா யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாம இருக்கேன்."