பத்தும் பெட்டை

"பத்தும் பெட்டை" என்று அடித்துச் சொல்லிக் குஞ்சுகளைக் கொடுத்தவள், பத்துச் சேவல்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள்.

நாத்தனார் வீட்டுக் கொல்லைப்புறம் அது. சேவல்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி நீட்டிக் கூவின. ஒவ்வொரு கூவலும் அவள் மானத்தை ஏலம் போடுவது போல இருந்தது.

அவள் வேலையே அதுதான். குஞ்சு பொரிக்கும் பண்ணையில் மேசை முன்னால் உட்கார்ந்து, அன்றன்று பொரித்த குஞ்சுகளைச் சேவல் வேறு பெட்டை வேறாகப் பிரிப்பவள். சின்ன இறக்கையை விரலால் விரிப்பாள்; இறகுகள் நெட்டையும் குட்டையுமாக இருந்தால் பெட்டை, ஒரே அளவாக இருந்தால் சேவல். அவள் பார்க்கிற வேகத்தைப் பார்த்துக் கூட வேலை செய்கிற பெண்கள் ‘ஸ்கேன் அக்கா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பெட்டைகள் பெட்டி பெட்டியாக வேனில் ஏறும். முட்டை போடாத சேவலுக்கு யார் தீனி போடுவார்கள்? அவற்றை வாசலில் காத்திருக்கும் கூடைக்காரன் அள்ளிப்போய், பச்சையும் ரோஸுமாகச் சாயத்தில் முக்கிச் சின்னப் பிள்ளைகளிடம் தள்ளிவிடுவான். ஸ்கேன் அக்காவுக்கு அந்தக் கூடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் நேரம் இருந்ததில்லை.

நாத்தனார் முட்டை விற்று நாலு காசு பார்க்க ஆசைப்பட்டபோது, இவளே முதலாளியிடம் கேட்டு, தன் கையால் பொறுக்கிக் கொடுத்த குஞ்சுகள். எல்லாம் மஞ்சள். வளர்ந்தால் வெள்ளை வெளேரென்று வரும், ஒன்றுகூடச் சேவல் கிடையாது, வேண்டுமானால் எழுதிக் கொடுக்கிறேன் என்று பெருமை பீற்றியிருந்தாள். இன்றைக்குத்தான் வந்து பார்க்கிறாள். நிறம் மட்டும் சொன்ன சொல் தப்பவில்லை.

சாப்பிடும்போது நாத்தனாரின் கணவர் சும்மா இருக்கவில்லை. முட்டைக்கு இன்னமும் கடைக்குத்தான் ஓடுகிறோம், அலாரம் வாங்குகிற செலவு மட்டும் மிச்சம் என்றார். ஸ்கேன் அக்காவின் கணவரும் மனைவிக்குப் பரிந்து பேசாமல் மச்சானோடு சேர்ந்து சிரித்தார். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. "போதும், சாப்பிடுங்க" என்று கணவரை அதட்டிவிட்டுக் குனிந்தவள்தான், தலையை நிமிர்த்தவேயில்லை.

கேலியைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். தனக்காக நாத்தனார் வெட்கப்படுகிறாளே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கை கழுவுகிற சாக்கில் கொல்லைக்கு வந்தவள் இன்னும் உள்ளே போகவில்லை.

ஒன்றிரண்டு யாருக்கும் தவறும். பத்துக்குப் பத்தா? கண்ணை மூடிக்கொண்டு அள்ளியிருந்தால்கூடப் பாதி தேறியிருக்குமே. அப்படியானால் இத்தனை வருஷமாக மேசையில் உட்கார்ந்து எதைப் பிரித்தேன், எந்தெந்த வீட்டில் என்னைத் திட்டித் தீர்க்கிறார்களோ என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

மூலையில், குஞ்சுகளை முதலில் விட்டு வைத்திருந்த அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே திட்டுத் திட்டாகக் கலர் கறை. பிள்ளைகள் பெயின்ட்டை வைத்து விளையாடியிருக்கும். ஒரு சேவல் அதன் மேல் ஏறி நின்று, அவள் முகத்தைப் பார்த்தே கூவியது.

நாளை முதல் பண்ணையில் குஞ்சு பிரிக்கும் மேசைகளுக்கெல்லாம் அவள்தான் தலைவி. புதிதாக வரும் பெண்களுக்கு அவள்தான் சொல்லித்தர வேண்டும். அந்தப் பொறுப்புக்காக அவள் எவ்வளவு காலம் ஏங்கினாள் என்பது வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரியும். இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் அங்கே உட்காருவது?

போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"சார், அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம். பக்கத்து மேசைப் பொண்ணுக்கே குடுத்துடுங்க. என்னைப் பேக்கிங்ல போட்டாப் போதும்."

அவர் பதறிப்போனார். அவள் பிரித்த பெட்டியில் ஒரு சேவல் வந்ததென்று இதுவரை யாரும் புகார் சொன்னதில்லையே என்றார். மனசு நோகக் கூடாதென்று மறைக்கிறார் என அவள் நினைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கண்ணு போச்சு சார்" என்றாள். அவர் கொஞ்ச நேரம் கெஞ்சிப் பார்த்தார்; பிறகு, பக்கத்து மேசைப் பெண்ணிடம் இப்போதே சொல்லிவிடுவதாகச் சொல்லி போனை வைத்தார்.

திரும்பினால், படியில் நாத்தனார். அத்தனையையும் கேட்டிருக்கிறாள். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க" என்றாள். "சொன்னா அசிங்கம்னு இவர்கிட்டகூட நான் மூச்சு விடலை. நீங்க குடுத்துட்டுப் போன அன்னிக்கு ராத்திரி பெட்டியை மூட மறந்துட்டேன். அத்தனையையும் பூனை தின்னுடுச்சு. இவர் வெளியூர்லேர்ந்து வர்றதுக்குள்ள வேற வாங்கி விட்டுட்டேன்."

ஸ்கேன் அக்கா சேவல்களைப் பார்த்தாள். பிறகு அந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள்.

"எங்க வாங்கின?"

நாத்தனார் தலை குனிந்தபடியே சொன்னாள்.

"உங்க பண்ணை வாசல்ல கலர் அடிச்சு விப்பானே, அவன்கிட்டதான் அண்ணி."